கொக்கின் வாய்க்கோடு தெரிகிறதா? கெப்போங் ஏரிக்கரையில் நிக்கான் மோனார்க் எம்5 8×42

பைனாகுலர் வாங்கப் போனால், கடைக்காரர் வாசலுக்கு அழைத்துவந்து எதிர்க் கட்டடத்து விளம்பரப் பலகையைக் காட்டுவார். “எழுத்து தெரிகிறதா பாருங்கள்” என்பார். எந்தப் பைனாகுலரிலும் எழுத்து தெரியத்தான் செய்யும். பறவை பார்க்கிறவருக்கு அந்தச் சோதனை போதாது. காலை ஒன்பது மணி வெயில், கறுத்த ஏரித் தண்ணீர், 50 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கொக்கு. அதன் அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடுகிறதா, கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறதா? இது தெரிந்தால் நல்ல பைனாகுலர். தெரியாவிட்டால் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டினாலும் பயனில்லை. பெரிய கொக்கையும் இடைக்கொக்கையும் பிரிப்பதற்கு நம்பகமான அடையாளம் அந்த ஒரு கோடுதான்.

நிக்கான் மோனார்க் எம்5 வரிசையில் 8×42 அளவை இந்தக் கண்ணோடுதான் இங்கே எடைபோடுகிறோம். முதலில் அளவுகள். உருப்பெருக்கம் 8 மடங்கு. முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். எடை 630 கிராம். 1,000 மீட்டர் தூரத்தில் 112 மீட்டர் அகலம் பார்வைக்குள் அடங்கும். 50 மீட்டரில் அது ஐந்தரை மீட்டர் சொச்சம். கண்ணாடி அணிந்தவர்கள் கவனிக்க வேண்டிய எண் 19.5 மில்லிமீட்டர்: கண்ணுக்கும் கண்குழாய்க்கும் இடையே அவ்வளவு இடைவெளி இருந்தாலும் முழு வட்டமும் தெரியும். 2.5 மீட்டருக்கும் கிட்டே இருக்கும் பொருளில் குவியாது. உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியது. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 10 நிமிடம் தாங்கும் என்பது நிறுவனத்தின் உறுதி. வண்ணச் சிதறலைக் குறைக்கும் ஈடி வகைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இவற்றில் ஈடிக்குத்தான் நம் ஏரியில் அதிக வேலை.

கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்கா என்றால் கோலாலம்பூரில் பலருக்கும் பட்டம் விடும் திடல்தான் நினைவுக்கு வரும். திடலை ஒட்டிக் கிடக்கும் ஏரி, கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் பார்க்க ஏற்ற இடம். சனி, ஞாயிறு மாலைகளில் கூட்டமும் பட்டமும் இருக்கும். வார நாள் காலை, ஏழரைக்கு வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிப்பது உத்தமம். அதன்பின் தண்ணீருக்கு மேல் கானல் எழுந்து ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியாலும் அந்த ஆட்டத்தை ஊடுருவ முடியாது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் அலகின் நிறமும் காலின் நிறமும் உள்ளபடி தெரியும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாக் கொக்கும் கறுப்பு அலகுக் கொக்குதான்.

சரி, கொக்குகள். நம் ஆட்கள் பேச்சில் வெள்ளையாக நின்றால் எல்லாம் கொக்கு. மலாய்க்காரர்களுக்கு எல்லாம் பாங்காவ். ஏரியில் நிற்பவை நான்கு இனம். உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, இடைக்கொக்கு, பெரிய கொக்கு. தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஏரி நடுவில் அளந்து பார்க்க வேறு பொருள் இருக்காது. இரண்டு இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மட்டுமே உயரம் உதவும்.

உண்ணிக்கொக்கு எளிது. கழுத்து குட்டை, அலகு குட்டை, அலகு மஞ்சள். தாடைக்குக் கீழே இறகு தொங்கி, தாடை வீங்கியதுபோல் இருக்கும். தண்ணீரைவிடப் புல்தரையில்தான் அதிகம் நிற்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னாலேயே நடக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சுப் பழுப்பாகிவிடும், அப்போது குழப்பமே இல்லை.

சின்னக் கொக்குக்கு ஆண்டு முழுதும் அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஆனால் பாதம் தண்ணீருக்குள் இருக்கும், அல்லது சேறு பூசியிருக்கும். பறந்து எழும்போது பின்னால் நீளும் பாதத்தைப் பாருங்கள். இங்கேதான் மோனார்க் எம்5 முதல் மதிப்பெண் வாங்குகிறது. கறுத்த மரவரிசைக்கு முன்னால் வெள்ளைப் பறவை எழும்போது மலிவான கண்ணாடிகளில் இறக்கையின் ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக ஒரு விளிம்பு ஒட்டிக்கொள்ளும். அந்த விளிம்பின் நடுவே பாதம் மஞ்சளா, வெளிர்ப்பச்சையா, வெயில் பட்ட கறுப்பா என்று சொல்ல முடியாது. ஈடி கண்ணாடியில் பார்வை வட்டத்தின் நடுப்பகுதியில் இந்தச் சாயம் ஏறக்குறைய இல்லை. ஓரத்துக்குப் போனால் மெல்லிய ஊதாக் கோடு எட்டிப் பார்க்கும். ஆகவே சந்தேகமான பறவையை எப்போதும் வட்டத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள்.

வேட்டையாடும் விதமும் ஒரு தடயம். சின்னக் கொக்கு ஓடும், திரும்பும், ஒரு காலால் சேற்றைக் கிளறி மீனை வெருட்டும். பெரிய கொக்கு சிலைபோல நிற்கும். கழுத்தை முன்னால் சாய்த்துக் காத்திருக்கும்.

இனி அந்த இரண்டு. பெரிய கொக்கும் இடைக்கொக்கும் இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் இரண்டுமே மஞ்சள் அலகு, கறுத்த கால். இடைக்கொக்குக்கு அலகு நுனியில் கொஞ்சம் கறுப்பு இருக்கலாம். இனப்பெருக்கக் காலம் நெருங்கினால் இரண்டின் அலகும் கறுக்கும், ஆகவே அலகு நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்கப் போவது வீண். பெரிய கொக்கின் கழுத்து அதன் உடலைவிட நீளம். நடுவே எலும்பு முறிந்து மடங்கியதுபோல ஒரு கூர்மையான முடிச்சு தெரியும். இடைக்கொக்கின் கழுத்து உடலின் நீளம்தான் இருக்கும், வளைவு மென்மை. தலை உருண்டை, அலகு குட்டை. ஆனால் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்கும் கொக்கிடம் இந்த அளவெல்லாம் செல்லாது. அப்போது கைகொடுப்பது வாய்க்கோடு. அலகு பிளக்கும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு முகத்துக்குள் ஓடுகிறது. இடைக்கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே முடிந்துவிடும். பெரிய கொக்குக்குக் கண்ணின் பின் விளிம்பையும் தாண்டி ஒரு கூரான ஆப்புபோல நீளும்.

எம்5-இல் இந்தக் கோடு 40 மீட்டரில் தெளிவாகத் தெரியும். பறவை பக்கவாட்டில் நின்று, வெயிலும் நம் முதுகுப்பக்கம் இருந்தால் 60 மீட்டரில்கூடத் தீர்ப்புச் சொல்லலாம். 8 மடங்கு என்பதால் 50 மீட்டர் கொக்கு ஆறேகால் மீட்டரில் நிற்பதுபோல ஆகிறது. 10×42 வாங்கினால் அது 5 மீட்டராகும், கோடு இன்னும் பெரிதாகத் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும்தான், கை ஆடாதவரை. 10 மடங்கில் கை நடுக்கமும் கால் பங்கு கூடுகிறது. ஒரு மணி நேரம் கழுத்தில் தொங்கவிட்டுத் தூக்கிப் பிடித்தபின் வித்தியாசம் நன்றாகவே உறைக்கும். மரத்தில் சாய்ந்தோ கம்பி வேலியில் முழங்கையை ஊன்றியோ பார்க்கிற பழக்கம் உள்ளவர் 10 வாங்கலாம். நின்றவாக்கில் பார்க்கிறவருக்கு 8 போதும்.

வாய்க்கோட்டைப் பார்க்க ஒரு முறை சொல்கிறோம். பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுங்கள். நேர் முகத்தில் கோடு தெரியாது. குவியத்தைப் பறவையின் உடலில் வைக்காமல் கண்மணியில் வையுங்கள். கண் கூர்மையானதும், கண்மணியிலிருந்து நேர் கீழே ஒரு செங்குத்துக் கோடு கற்பனையாகப் போட்டு, வாய்க்கோடு அதன் எந்தப் பக்கம் முடிகிறது என்று பாருங்கள். ஒரு பார்வையில் முடிவு செய்யாமல் பறவை தலையைத் திருப்பி மீண்டும் திரும்பியதும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யுங்கள். முகத்தில் நிழல் விழுந்தால் அதுவே கோடு நீண்டதுபோல ஏமாற்றும். (சீனக் கொக்கு கடலோரச் சேற்றுத்திட்டுப் பறவை. அதை இந்த ஏரியில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.)

எந்தக் கண்ணாடியும் பிரிக்க முடியாத ஒரு ஜோடியும் இந்த ஏரியில் உண்டு. கரையோரப் புதரில் பழுப்புக் கோடுகளோடு, தோளைக் குறுக்கி நிற்கும் மடையானைத்தான் சொல்கிறோம். ஊர்ப்பக்கத்தில் குருட்டுக் கொக்கு என்பது இந்த வகையைத்தான், ஆனால் இங்கே வருபவை சீன மடையானும் ஜாவா மடையானும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே கோடு. 8 மடங்கு அல்ல, கோபுரம் போன்ற தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் அந்த உடையில் பெயர் சொல்வது துணிச்சலே தவிர அறிவு இல்லை. குறிப்பேட்டில் “மடையான், இனம் தெரியவில்லை” என்று எழுதிவிடுவதுதான் நேர்மை. மார்ச் மாதம் தொடங்கி ஏப்ரலில் நிறம் மாறும்போது கதவு திறக்கும். சீன மடையானின் தலை, கழுத்து, மார்பு எல்லாம் கருஞ்சிவப்பாகி, முதுகு கருஞ்சாம்பலாகும். ஜாவா மடையானுக்குத் தலையும் கழுத்தும் வெளிர்ப் பொன்பழுப்பு, மார்பு இலவங்கப் பட்டை நிறம், முதுகு கறுப்பு. அந்த ஆறு வாரமும் எம்5-இன் நிறம் காட்டும் திறன் மிக உதவும். மஞ்சள் சாயலோ நீலச் சாயலோ ஏறாமல் கருஞ்சிவப்பைக் கருஞ்சிவப்பாகவே காட்டுகிறது.

மடையானோடு குழம்பும் மூன்றாவது பறவை இளம் வக்கா, அதாவது இராக்கொக்கு. நிற்கும்போது மூன்றும் பழுப்புக் கோடு போட்டவை. பறக்கவிட்டுப் பாருங்கள். மடையான் எழுந்தால் இறக்கை பளீரென வெள்ளை, “இது எங்கிருந்து வந்த வெள்ளைக் கொக்கு” என்று திகைக்க வைக்கும். இளம் வக்காவின் இறக்கை எழுந்தாலும் பழுப்புதான். இறகு நுனிகளில் பெரிய வெளிர்ப் பொட்டுகள். இளம் தோசிக் கொக்கும் பழுப்புதான், ஆனால் அளவில் சின்னது, உச்சந்தலை கறுத்திருக்கும், இறக்கைப் பொட்டுகளும் பொடி.

அந்தியில் வரும் குருகுகளுக்கும் இதே பாடம். மஞ்சள் குருகும் செங்குருகும் கோரைக்குள் நின்றால் கழுத்தை மேலே நீட்டிக் கோரையோடு கோரையாகிவிடும். சங்கப் பாட்டு சிலவற்றில் குருகு சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இந்தக் குணம்தான் போலும். எழுந்து பறக்கையில் இறக்கையைப் பாருங்கள். மஞ்சள் குருகுக்கு வெளிர்ப் பழுப்பு உடலோடு பறக்கும் இறகுகள் கறுப்பு, இரண்டு நிறம் வெட்டித் தெரியும். செங்குருகுக்கு இறக்கை முழுவதும் ஒரே செம்பழுப்பு. இரண்டும் மூன்று வினாடிக்குள் அடுத்த கோரைக்குள் இறங்கிவிடும். பொழுது சாய்கிற நேரத்தில் இந்த மூன்று வினாடிதான் பைனாகுலரின் ஒளித்திறனுக்குச் சோதனை. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.3 மில்லிமீட்டர், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10×42-இல் 4.2 மட்டுமே. சட்டைப் பைக்குள் அடங்கும் 8×25-இல் 3.1. அந்தியில் நம் கண்மணி விரியும்போது 3.1 போதாமல் படம் இருண்டுவிடும், இந்த 5.3 மாலை ஏழு மணிக்கும் இறக்கை நிறத்தைக் காட்டுகிறது. சிறிய பைனாகுலரை எடுத்துப்போக வசதி என்று வாங்கிவிட்டு ஏரிக்கரையில் ஏமாந்து நிற்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார்கள்.

பார்வை அகலத்தில் எம்5 சுமார்தான். அதைத் தகைவிலான்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஏரிக்கு மேல் தாழப் பறந்து பூச்சி பிடிப்பவை இரண்டு: ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் பசிபிக் தகைவிலான், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாதாரணத் தகைவிலான். வாலில் நீண்ட கம்பி இருந்தால் வந்தது வடக்கத்திப் பறவை என்று பலரும் முடிவு செய்வார்கள். இளம் பறவைக்கும் இறகு உதிர்க்கும் பறவைக்கும் கம்பி இராது, ஆகவே மார்பைப் பாருங்கள். சிவந்த தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை குறுக்கே ஓடி, அதற்குக் கீழ் வயிறு வெளுத்திருந்தால் சாதாரணத் தகைவிலான். பட்டை இல்லாமல், சிவப்பு நேராக அழுக்குச் சாம்பல் மார்பில் கரைந்தால் பசிபிக். இதைப் பறக்கும் பறவையில் பார்க்க வேண்டும். எம்5-இன் 6.4 பாகை (முன்பு சொன்ன 112 மீட்டர்) அகலத்தில் பறவை அடிக்கடி வட்டத்தை விட்டு ஓடும். இதே நிறுவனத்தின் எம்7 8×42-இல் 8.3 பாகை, 1,000 மீட்டரில் 145 மீட்டர். தகைவிலானும் பஞ்சுருட்டானும் ஆலாவும்தான் உங்கள் முதன்மை விருப்பம் என்றால் கூடுதல் பணம் போட்டு எம்7-க்குப் போவது சரி. எம்5 வைத்திருப்பவர் துரத்தாதீர்கள். 30 மீட்டர் தள்ளி ஒரு கோரைத் தண்டில் குவியத்தை வைத்து, பறவை அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். தகைவிலான் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வரும். நான்காவது சுற்றில் மார்பு தெரிந்துவிடும்.

அதே வானத்தில் திரியும் உழவாரன்களில் பிட்டம் வெள்ளையாக இருப்பது வீட்டு உழவாரன், எம்5-இல் சட்டென்று தெரியும். கூடு விற்கும் தொழிலுக்குப் பெயர்போன சின்ன உழவாரன்களை மட்டும் இனம் பிரிக்க முயல வேண்டாம். கூட்டைப் பார்க்காமல் பறப்பதை வைத்துப் பெயர் சொல்ல இயலாது.

பஞ்சுருட்டான்களில் பெரியவை எளிது. நீலவால் பஞ்சுருட்டானுக்குச் செம்பழுப்புத் தொண்டை, பச்சைத் தலை. நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானுக்குத் தலையுச்சியும் பிடரியும் செம்பழுப்பு, தொண்டை நீலம். இளம் நீலத்தொண்டைக்குத் தலை பச்சையாக இருப்பதால் பலர் அதை நீலவால் என்று எழுதிவிடுகிறார்கள். தொண்டையில் செம்பழுப்புச் சாயல் துளியும் இல்லையென்றால் அது நீலவால் அல்ல.

மீன்கொத்திகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, சிவந்த அலகு என்றால் வெண்மார்பு மீன்கொத்தி. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, சிவந்த அலகு என்றால் வலசை வரும் கருந்தலை மீன்கொத்தி. கறுத்த அலகு, நீலப்பச்சை முதுகு, கீழே முழு வெள்ளை என்றால் வெண்கழுத்து மீன்கொத்தி. குட்டியாக, அடியில் ஆரஞ்சாக இருப்பது சிரல். அலகின் கீழ்ப்பாதி சிவந்திருந்தால் பெண். நீர்க்கோழிகளும் அப்படியே: முகமும் மார்பும் வெள்ளை என்றால் கானாங்கோழி, மலாய்க்காரர்கள் அதன் குரலைக் கேட்டே ருவாக்-ருவாக் என்று பெயர் வைத்துவிட்டார்கள், உடல் கறுத்து, நெற்றி சிவந்து, விலாவில் வெள்ளைக் கோடு இருந்தால் தாழைக்கோழி.

கரையோரச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளானைக் கவனியுங்கள். தோளுக்கும் மார்புக்கும் இடையே வெள்ளை ஒரு ஆப்புபோல மேலேறியிருந்தால் சாதாரண உள்ளான். முதுகெல்லாம் பொரி தூவியதுபோல வெளிர்ப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால் என்றால் பொரி உள்ளான். பறந்தால் இன்னும் தெளிவு: சாதாரண உள்ளான் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், இறக்கையை விறைப்பாக விட்டுவிட்டு அடிக்கும், இறக்கையில் வெள்ளைக் கோடு ஓடும். பொரி உள்ளானுக்குக் கோடு இல்லை, பிட்டம் வெள்ளை.

நாரைகளில் சாம்பல் நாரையையும் செந்நாரையையும் தொலைவில், எதிர்வெயிலில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு உருவம். பறக்கையில் செந்நாரையின் மடிந்த கழுத்து படகின் அடிப்பகுதிபோலக் கீழே பிதுங்கித் தொங்கும், பின்னால் நீளும் விரல்களும் பெரிது. (புச்சோங் நகருக்கு நாரையின் மலாய்ப் பெயர்தான் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது.) கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏரிகளில் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து நிற்கும், நெகாரா விலங்கியல் பூங்காவில் கட்டுப்பாடின்றிப் பறக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. மார்பின் குறுக்கே கறுப்புச் செதில் பட்டை, பின்னிறகில் இளஞ்சிவப்பு இருந்தால் அந்த இனமே. உடல் முழுதும் வெள்ளையாக, பறக்கும் இறகு மட்டும் கறுப்பாக இருந்தால் பால் நாரை. இரண்டும் கலந்து பிறந்தவையும் இருக்கின்றன; மார்புப் பட்டை மங்கலாக, இளஞ்சிவப்பு லேசாகத் தெரிந்தால் தூய இனம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இளஞ்சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பதை நண்பகல் வெயிலில் எந்தக் கண்ணாடியும் வெளுப்பித்துவிடும். காலை எட்டுக்குள் பாருங்கள்.

இனி இந்தப் பைனாகுலரின் குறைகள். வலது கண்குழாயில் உள்ள கண் திருத்த வளையம் பூட்டிக்கொள்ளும் வகை அல்ல. பைக்குள் போட்டு எடுக்கையில் திரும்பிவிடும். பலர் “படம் மங்குகிறது” என்று குறைசொல்வது கடைசியில் இதில்தான் முடியும். சரிசெய்யும் முறை இது. நடு மூட்டை மடக்கி இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். கண்ணாடி அணிபவர் கண்குழாய் ரப்பரை முழுவதும் உள்ளே திருகுங்கள், மற்றவர் வெளியே. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, 30 மீட்டர் தொலைவில் ஒரு அறிவிப்புப் பலகையை இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். முடிந்ததும் வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே ஒரு சொட்டு வெள்ளைத் திருத்த மையால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் ஒரு திருப்பில் சரியாகிவிடும்.

2.5 மீட்டர் குவியம் பறவைக்குப் போதும். நடைபாதை ஓர அல்லியில் உட்காரும் தும்பியைப் பார்க்க விரும்புகிறவருக்குப் போதாது. ஓர் அடி பின்னால் நகர வேண்டியிருக்கும். 630 கிராமும் பெட்டியில் வரும் வாரில் ஒரு மணி நேரத்துக்குமேல் பிடரியை இழுக்கும். தோளில் குறுக்காகப் பாரம் பிரிக்கும் வாரைத் தனியாக வாங்குவது இந்த விலையில் செய்ய வேண்டிய செலவு.

கடையில் வாங்குமுன் மூன்று சோதனை செய்யுங்கள். கையை நீட்டிப் பிடித்துக் கண்குழாயைத் தள்ளி வைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வெளிச்ச வட்டம் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டுண்டிருக்கக் கூடாது. அடுத்து எதிர்க் கூரையின் கிடைக்கோட்டைப் பார்த்தபடி மெல்லப் பைனாகுலரைக் கண்ணிலிருந்து விலக்குங்கள். இரு குழாயிலும் கோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா? ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போனால் குழாய்கள் நேராக இல்லை. பத்து நிமிடத்தில் தலைவலி வரும், அதை வாங்காதீர்கள். மூன்றாவது, முன்கண்ணாடி வழியே கைப்பேசி வெளிச்சம் அடித்து உள்ளே தூசியோ வலைபோன்ற பூஞ்சையோ இருக்கிறதா பாருங்கள்.

பூஞ்சைதான் நம் ஊரில் உண்மையான எதிரி. நைட்ரஜன் அடைப்பு உள்ளே ஈரம் நுழையாமல் காக்கும். வெளிக் கண்ணாடியில் ஒட்டிய விரல் எண்ணெயையும் வியர்வையையும் காக்காது. பெட்டியோடு வரும் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வையுங்கள். அது இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது ஜெல்லை மாற்றுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து நேரே ஏரிக்கரைக்கு எடுத்தால் முன்கண்ணாடி பனித்துவிடும். அதைச் சட்டை நுனியால் துடைப்பதுதான் பூச்சைக் கெடுக்கும் முதல் வழி. பையை மூடியபடியே பத்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்தால் தானே தெளியும். துடைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ரப்பர் ஊதுகுழலால் மணலை ஊதித் தள்ளுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி.

இன்னொன்று, ஏரிக்கரை என்றால் கொசு. டீட் கலந்த கொசு மருந்தைப் பூசிய கையோடு பைனாகுலரைத் தொட்டால் ரப்பர் உறை பிசுபிசுத்து உரியத் தொடங்கும். மருந்தை முன்கை வரை பூசி, உள்ளங்கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு வாரைக் கழுத்தில் மாட்டுங்கள்.